விமான மைல்களை இன்னொருவருக்கு மாற்ற முடியுமா? விதிகள், செலவு, மாற்று வழிகள்

புதுதில்லி: அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களின் கணக்கில் சேரும் மைல்களைப் பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ நண்பருக்கோ கொடுக்க முடியும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏதேனும் ஒரு வழியில் இதை அனுமதிக்கின்றன. ஆனால், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மைல்களை நேரடியாக மாற்றுவதுதான் அவற்றுள் செலவு மிகுந்த வழி. சொந்தக் கணக்கில் உள்ள மைல்களைக் கொண்டே உறவினர் பெயரில் பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கட்டணமின்றி முடிந்துவிடும்.

இந்த வேறுபாட்டை அறியாமல் மைல்களை மாற்றிக் கட்டணத்தை இழப்பவர்களும், மாற்றவே முடியாது என்று எண்ணிக் காலாவதியாக விட்டுவிடுபவர்களும் உண்டு. மைல்களின் தன்மை, அவற்றைப் பிறருக்கு வழங்கும் வழிகள், செலவு, தவிர்க்க வேண்டிய தவறுகள் ஆகியவை பற்றிய விளக்கம் வருமாறு:

மைல் என்பது என்ன?

பயணிகளைத் தங்கள் நிறுவனத்திலேயே தொடர்ந்து பறக்கச் செய்ய விமான நிறுவனங்கள் வழங்கும் வெகுமதிப் புள்ளியே மைல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981 மே மாதம் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் தனது திட்டத்தை அறிவித்தது. அதன் பிறகு உலகின் பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்கள் இம்முறையைப் பின்பற்றின.

தொடக்கத்தில் எத்தனை மைல் தொலைவு பறந்தாரோ அதற்கேற்பப் புள்ளிகள் கிடைத்தன. பெயர் அப்படியே நிலைத்தாலும் கணக்கிடும் முறை இப்போது மாறிவிட்டது. பயணச்சீட்டுக்குச் செலவிட்ட தொகையின் அடிப்படையில் புள்ளி வழங்கும் முறைக்கு டெல்டா, யுனைடெட் ஆகியவை 2015-இலும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2016-இலும் மாறின. ஏர் இந்தியாவும் 2024 ஏப்ரலில் இதே முறைக்கு வந்தது.

பயணம் செய்யாமலும் மைல் சேரும். வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கி, கடன் அட்டை வாடிக்கையாளர்களுக்கு வழங்குகின்றன. அதனால் மைல் விற்பனை விமான நிறுவனங்களுக்குத் தனி வருவாயாக வளர்ந்துள்ளது. மைல்களை மாற்றக் கட்டணம் விதிக்கப்படுவதற்கும் இதுவே காரணம். பயன்படுத்தப்படாமல் காலாவதியாகும் ஒவ்வொரு மைலும் நிறுவனத்துக்கு மிச்சம். அதையே இன்னொருவர் எளிதில் பெற்றுப் பயன்படுத்தினால் ஓர் இருக்கை செலவாகும்.

யாருக்குச் சொந்தம்?

கணக்கில் இருக்கும் மைல் வங்கிச் சேமிப்பைப் போன்றது என்றே பலரும் கருதுகின்றனர். திட்டங்களின் விதிமுறைகள் அவ்வாறு கூறுவதில்லை. மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல, அவற்றுக்குப் பண மதிப்பு இல்லை, நிறுவனம் விரும்பும்போது விதிகளை மாற்றலாம் என்ற பொருள்படும் வாசகங்கள் ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் இடம்பெறுகின்றன. உறுப்பினராகச் சேரும்போதே இவற்றை ஏற்றுக்கொள்வதாகப் பயணி ஒப்புதல் தந்துவிடுகிறார்.

இவ்விதிகள் எவ்வளவு வலுவானவை என்பதை அமெரிக்க வழக்கு ஒன்று காட்டுகிறது. நார்த்வெஸ்ட் விமான நிறுவனம், தனது திட்டத்தில் உயர்நிலை உறுப்பினராக இருந்த பின்யோமின் கின்ஸ்பெர்க் என்பவரின் உறுப்பினர் தகுதியை 2008-இல் ரத்து செய்தது. நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ள வேண்டிய கடமையை நிறுவனம் மீறியதாகக் கூறி அவர் வழக்குத் தொடர்ந்தார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் இருப்பதால், மாநிலச் சட்டத்தின்கீழ் அத்தகைய கோரிக்கையை எழுப்ப முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 2 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. எனினும், மைல் கணக்கில் எழுதப்பட்ட விதிகளுக்கு உள்ள பிடிப்பை அது தெளிவாக்குகிறது.

எனவே, மைலை மாற்றும் முன் 'இது என்னுடையது' என்ற எண்ணத்தைவிட, 'இதைக் கொண்டு என்ன செய்ய நிறுவனம் அனுமதிக்கிறது' என்ற கேள்வியே பயனளிக்கும்.

நான்கு வழிகள்

மைல்களைப் பிறருக்குப் பயன்படச் செய்ய நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒரே நிறுவனத்தில் நான்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலாவது, நேரடி மாற்றம். ஒருவரின் கணக்கிலிருந்து மைல் கழிக்கப்பட்டு மற்றவரின் கணக்கில் சேர்க்கப்படும். இருவரும் ஒரே திட்டத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒரு முறைக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். பெரும்பாலும் கட்டணம் உண்டு. குறிப்பிடத்தக்க விதிவிலக்கு ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ். அங்கு தகுதியுள்ள குடும்பத்தினருக்குக் கட்டணமின்றிப் புள்ளிகளை மாற்றலாம்; ஒரு முறைக்குக் குறைந்தது 5,000 புள்ளிகள் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, குடும்பக் கணக்கு. குடும்பத்தினரின் மைல்கள் ஒரே தொகுப்பில் சேர்க்கப்படும். ஒவ்வொருவரிடமும் சிறிது சிறிதாக இருக்கும் மைல்கள் தனித்தனியாக ஒரு பயணச்சீட்டுக்கும் போதாமல் இருக்கலாம், ஒன்றுசேர்ந்தால் போதும். ஏர் இந்தியா, எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா உள்ளிட்ட நிறுவனங்களின் திட்டங்களில் இவ்வசதி உள்ளது. யுனைடெட் நிறுவனம் 2024 மார்ச்சில், அதிகபட்சம் 5 பேர் மைல்களைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. ஜெட்புளூவில் 7 பேர் வரை சேரலாம்.

மூன்றாவது, பிறர் பெயரில் பயணச்சீட்டு எடுப்பது. மைல் உறுப்பினரின் கணக்கிலேயே இருக்கும். பயணம் செய்பவர் மட்டும் வேறு ஒருவர். சில நிறுவனங்கள் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துத் தர அனுமதிக்கின்றன. சில நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவு செய்த பெயர்களுக்கு மட்டும் அனுமதிக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்' இரண்டாம் வகை. அதில் உறுப்பினர்களுக்கு இடையே மைல்களை மாற்ற முடியாது. மாறாக, ஓர் உறுப்பினர் 5 பேரைப் பயனாளிகளாக நியமித்து, அவர்களுக்கு வெகுமதிப் பயணச்சீட்டு எடுத்துத் தரலாம்.

நான்காவது, மைல்களை விலைக்கு வாங்கிப் பரிசளிப்பது. தன்னிடம் உள்ள மைல் குறையாமல், நிறுவனத்திடம் புதிதாகப் பணம் செலுத்தி மற்றவர் கணக்கில் சேர்ப்பது இம்முறை. ஒரு பயணச்சீட்டுக்கு மிகச் சில மைல்களே குறைவாக இருக்கும்போது மட்டும் இது பொருந்தும்.

எவ்வளவு செலவாகும்?

நேரடி மாற்றத்தின் செலவை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் ஒரு மைலுக்கு 1 சென்ட் வீதமும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 30 டாலரும் கட்டணமாகும். இதன்படி, 20,000 மைல்களை மாற்ற 200 டாலரும் அதனுடன் 30 டாலரும் சேர்த்து 230 டாலர் செலுத்த வேண்டும். வெறும் 1,000 மைல்களை மாற்றினால் 10 டாலரும் 30 டாலரும் சேர்ந்து 40 டாலர் ஆகும். அதாவது ஒரு மைலுக்கு 4 சென்ட்.

இத்தொகையால் புதிதாக ஒரு மைல்கூடக் கிடைப்பதில்லை. முன்பே ஈட்டிய மைல் இடம் மாறுகிறது, அவ்வளவே. அதே 20,000 மைல்களைக் கொண்டு தனது கணக்கிலிருந்தே தாயாரின் பெயரில் பயணச்சீட்டு எடுத்தால் இந்த 230 டாலர் மிச்சமாகும்.

அப்படியெனில் நேரடி மாற்றம் எப்போது உதவும்? பெறுபவரின் கணக்கில் பெரும்பகுதி மைல்கள் ஏற்கெனவே இருந்து, சிறு பற்றாக்குறையால் விலை உயர்ந்த பயணச்சீட்டு ஒன்று கைநழுவும் நிலையில் அது உதவக்கூடும். அப்போதும், மாற்றக் கட்டணம், புதிய மைல்களை வாங்கும் விலை, பணம் கொடுத்து எடுக்கும் சாதாரணப் பயணச்சீட்டின் விலை ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வெகுமதிப் பயணச்சீட்டு முற்றிலும் இலவசம் அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் ரொக்கமாகச் செலுத்த வேண்டும். சில நிறுவனங்கள் தனிக் கூடுதல் கட்டணமும் விதிக்கின்றன. மேலும், ஒவ்வொரு விமானத்திலும் மைல்களுக்கு ஒதுக்கப்படும் இருக்கைகள் குறைவு. விரும்பும் தேதியில் இருக்கை உள்ளதா என்று பாராமல் மைல்களை மாற்றிவிட்டால், பணமும் போய்ப் பயணமும் நடக்காத நிலை ஏற்படும். மாற்றிய மைல்கள் பொதுவாகத் திரும்ப வராது.

குடும்பக் கணக்கில் கவனிக்க வேண்டியவை

கட்டணம் இல்லை என்பதால் குடும்பக் கணக்கு கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அதற்கும் கட்டுப்பாடுகள் உள்ளன.

யாரைக் குடும்பத்தினர் என்று கருதுவது என்பதை நிறுவனமே வரையறுக்கிறது. சில திட்டங்களில் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோருடன் வரம்பு முடிந்துவிடும். லுஃப்தான்சாவின் 'மைல்ஸ் அண்டு மோர்' திட்டத்தில் 2 பெரியவர்களும் 5 குழந்தைகள் வரையும் சேரலாம். பெற்றோர், மகன், மருமகள் என நான்கு பெரியவர்கள் சேர்ந்து வாழும் இந்தியக் கூட்டுக் குடும்பத்துக்கு இந்த வரையறை போதாது.

தொகுப்பிலிருந்து மைல்கள் கழிக்கப்படும் முறையும் மாறுபடும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் முறையில், ஒருவர் பயணச்சீட்டு எடுத்தாலும் அனைவரின் கணக்கிலிருந்தும் அவரவர் இருப்புக்கு ஏற்ற விகிதத்தில் புள்ளிகள் குறையும். குடும்பக் கணக்கில் சேர்ந்த பிறகு, வெளியாருக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தரும் உரிமையும் குறிப்பிட்ட சில பெயர்களுக்கு மட்டும் சுருங்கிவிடும்.

தொகுப்பிலிருந்து விலகினால் மைல்கள் திரும்பக் கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே பார்க்க வேண்டும். விலகுபவரின் பங்கு தொகுப்பிலேயே தங்கிவிடும் திட்டங்களும் உள்ளன. மணமுறிவு, சொத்துப் பிரிவினை போன்ற சூழல்களில் இது பூசலுக்கு இடமளிக்கும்.

இன்னொரு அடிப்படை விதியும் உண்டு. மைல்கள் பயணம் செய்தவரின் கணக்கில்தான் சேரும். பணம் செலுத்தியவரின் கணக்கில் சேராது. பெற்றோருக்கு மகன் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தால், பெற்றோருக்கு உறுப்பினர் எண் இல்லாதவரை அப்பயணத்தின் மைல்கள் யாருக்கும் பயன்படாது. உறுப்பினராகச் சேரப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணம் கேட்பதில்லை. எனவே, முதியவர்கள், குழந்தைகள் உட்படப் பறக்கும் ஒவ்வொருவருக்கும் தனி உறுப்பினர் எண் பெற்று, பிறகு குடும்பக் கணக்கில் இணைப்பதே முறையான வரிசை.

இந்திய நிறுவனங்களின் அனுபவம்

இந்தியாவில் மைல் திட்டங்களின் வரலாறு விமான நிறுவனங்களின் ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012 அக்டோபரில் சேவையை நிறுத்தியபோது, அதன் 'கிங் கிளப்' உறுப்பினர்கள் சேர்த்த மைல்களால் அந்நிறுவன விமானங்களில் பறக்க வழியில்லாமல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. ஆனால் அதன் 'ஜெட்பிரிவிலேஜ்' தனி நிறுவனமாக நடத்தப்பட்டதால் உடனே முடங்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 'இன்டர்மைல்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது.

விஸ்தாரா நிறுவனம் 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, 'கிளப் விஸ்தாரா' உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியா திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அத்திட்டம் இப்போது 'மகாராஜா கிளப்' என்ற பெயரில் இயங்குகிறது. ஏர் இந்தியா 2014 ஜூலை முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட் போன்ற கூட்டணி நிறுவனங்களின் விமானங்களிலும் இப்புள்ளிகளைப் பயன்படுத்தும் வாய்ப்பு உள்ளது. நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோ 2024-இல் 'புளூசிப்' திட்டத்தை அறிமுகப்படுத்தியது.

இந்நிகழ்வுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. மைல்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பதில் இடர் உண்டு. காலாவதி விதியும் அதே திசையில் செயல்படுகிறது. எடுத்துக்காட்டாக, கிரிஸ்ஃபிளையர் மைல்கள் 36 மாதங்களில் காலாவதியாகும். தனக்குப் பயணத் திட்டம் இல்லாதபோது குடும்பத்தினருக்குப் பயன்படுத்துவது அந்த இழப்பைத் தவிர்க்கும்.

கடன் அட்டைப் புள்ளிகள்

வங்கிகள் வழங்கும் வெகுமதிப் புள்ளிகளை விமான மைல்களாக மாற்றும் வசதி இந்தியாவில் பல அட்டைகளில் உள்ளது. இங்கு இரண்டு செய்திகள் முக்கியமானவை.

ஒன்று, அட்டைதாரரின் பெயரும் மைல் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வங்கிகள் பொதுவாக வலியுறுத்துகின்றன. தந்தையின் அட்டைப் புள்ளிகளை மகளின் மைல் கணக்குக்கு நேரடியாக அனுப்ப முடியாது. தந்தையின் மைல் கணக்குக்கு மாற்றி, அதிலிருந்து மகளுக்குப் பயணச்சீட்டு எடுப்பதே வழி.

மற்றொன்று, வங்கியில் இருக்கும் புள்ளியை எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்பதைப் பின்னரும் முடிவு செய்யலாம். மைலாக மாற்றிய பிறகு அந்தச் சுதந்திரம் போய்விடும். காலாவதிக் கணக்கும் தொடங்கிவிடும். எனவே, பயணத் தேதியும் இருக்கையும் உறுதியான பின் மாற்றுவது நல்லது.

அரசு ஊழியர்களுக்குத் தனி விதி

அலுவல் பயணத்தில் ஈட்டிய மைல்களை மத்திய அரசு ஊழியர்கள் குடும்பத்தினருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அரசுச் செலவில் வாங்கிய பயணச்சீட்டுகளால் கிடைக்கும் மைல்களைத் துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை அறிவுறுத்தியுள்ளது. தனிப்பட்ட பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறைசார்ந்த நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும். தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அவரவர் நிறுவனத்தின் பயணக் கொள்கையே அளவுகோல்.

விற்பனையும் மோசடியும்

மைல்களைப் பணத்துக்கு விற்பதையும் பண்டமாற்று செய்வதையும் விமான நிறுவனங்கள் தடை செய்கின்றன. கண்டறியப்பட்டால் கணக்கு முடக்கப்படலாம், எஞ்சிய மைல்கள் பறிக்கப்படலாம், எடுத்த பயணச்சீட்டும் ரத்து செய்யப்படலாம். வாங்கியவர் விமான நிலையத்தில் நிற்கும்போது பயணச்சீட்டு செல்லாது என்று தெரியவருவது இதன் மிக மோசமான விளைவு. செலுத்திய பணத்தை மீட்க அவரிடம் முறையான ஆவணமும் இருக்காது.

குறைந்த விலையில் மைல் தருவதாகவும், காலாவதியாகும் மைல்களை மீட்டுத் தருவதாகவும் வரும் அழைப்புகளிலும் இணைப்புகளிலும் எச்சரிக்கை தேவை. கடவுச்சொல்லையும் ஒருமுறை கடவு எண்ணையும் கேட்டுப் பெற்று, கணக்கில் உள்ள மைல்களைக் களவாடுவது இத்தகைய மோசடியின் வழக்கமான முறை. வங்கிக் கணக்கை அன்றாடம் பார்ப்பவர்களும் மைல் கணக்கை மாதக்கணக்கில் திறந்து பார்ப்பதில்லை என்பது மோசடியாளர்களுக்குச் சாதகமாகிறது.

உறுப்பினர் இறந்துவிட்டால்

மைல்கள் தாமாகவே வாரிசுகளுக்குச் செல்வதில்லை. சில நிறுவனங்கள் இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணங்களும் பெற்று, தங்கள் விருப்புரிமையின்படி குடும்பத்தினர் கணக்குக்கு மாற்றித் தருகின்றன. சில நிறுவனங்கள் கணக்கை மூடிவிடுகின்றன. இறந்தவரின் மைல்களை மாற்றித் தரும் வசதியை டெல்டா நிறுவனம் 2013-இல் நீக்கிவிட்டது.

எனவே, முதியவர்களின் கணக்கில் கணிசமான மைல்கள் இருந்தால், குடும்பக் கணக்கில் இணைப்பதையும் அவர்கள் விருப்பப்படி பயணச்சீட்டாக மாற்றுவதையும் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

பெயர்ப் பொருத்தம்

தென்னிந்தியப் பயணிகளுக்கு அடிக்கடி எழும் சிக்கல் பெயர் தொடர்பானது. தலைப்பெழுத்து முறையில் பெயர் எழுதுபவர்களுக்கு ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்தும், இன்னொன்றில் தந்தையின் முழுப் பெயரும் இருக்கும். சிலரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். மைல் கணக்கிலோ பயனாளி பட்டியலிலோ கடவுச்சீட்டுக்கு மாறான பெயர் இருந்தால், மைல்கள் சேராமல் போகலாம். வங்கிப் புள்ளி மாற்றம் தடைபடலாம். பயணச்சீட்டைப் பயன்படுத்துவதிலும் சிக்கல் எழலாம். கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயரைப் பதிவு செய்வதும், பழைய கணக்குகளில் மாறுபாடு இருந்தால் பயணத்துக்கு வெகுநாள் முன்பே திருத்திக்கொள்வதும் தேவை.

மாற்றும் முன் சரிபார்க்க வேண்டியவை

* பயணம் செய்பவர் பெயரில் சொந்தக் கணக்கிலிருந்தே பயணச்சீட்டு எடுக்க முடியுமா?
* முடியாவிட்டால், கட்டணமில்லாக் குடும்பக் கணக்கு வசதி உள்ளதா? அதிலிருந்து விலகும் விதி என்ன?
* தேவைப்படும் தேதியில் வெகுமதி இருக்கை உள்ளதா? வரியும் கட்டணங்களும் எவ்வளவு?
* மாற்றக் கட்டணத்தையும் சேர்த்தால், சாதாரணப் பயணச்சீட்டைவிட உண்மையில் மலிவா?
* மாற்றிய மைல்கள் எப்போது காலாவதியாகும்? உடனே கணக்கில் சேருமா, சில நாள்கள் ஆகுமா?
* பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருக்கிறதா?

கட்டணங்களும் வரம்புகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், பரிமாற்றம் செய்யும் நாளில் நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அவற்றை மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகார் அளிப்பது எங்கே?

மைல்கள் சேராமை, தவறாகக் கழிக்கப்பட்டமை போன்ற குறைகளை முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்துவடிவில் தெரிவித்து, புகார் எண் பெற வேண்டும். பயணச்சீட்டு நகல், விமானத்தில் ஏறும் அனுமதிச் சீட்டு, கணக்கின் படப்பதிவு ஆகியவற்றை மைல்கள் கணக்கில் சேரும் வரை வைத்திருப்பது உதவும்.

தீர்வு கிடைக்காவிட்டால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளத்தையோ, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐயோ அணுகலாம். சேவைக் குறைபாடு இருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கணக்கில் ஊடுருவி மைல்கள் திருடப்பட்டாலோ, மைல் விற்பனை என்ற பெயரில் பணம் பறிக்கப்பட்டாலோ, இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் அளிக்க வேண்டும்.